புது பேட்டரியும் அஞ்சு வாரத்துல படுத்துருச்சு: கேத்தி குளிர்ல கரண்ட் எங்க போகுதுன்னு தேடின கதை

டிசம்பர் கடைசி, காலைல அஞ்சே முக்கால். ஊட்டி பக்கத்துல கேத்தி பாலாடால எங்க வீட்டுக்கு கீழ இருக்குற கேரட் தோட்டம் முழுக்க உறைபனி, உப்பு கொட்டி வச்ச மாதிரி. அப்பாவுக்கு கோயம்புத்தூர்ல கண் ஆபரேஷன் முடிஞ்சு மறுபரிசோதனை, ஒன்பதரைக்கு அங்க இருக்கணும். வண்டில ஏறி பட்டன அமுத்துறேன், செல்ஃப் ஒரு சுத்து சுத்தி முனகிட்டு நின்னுருச்சு. அடுத்த தடவ அமுத்தினா டக் டக் டக்னு ரிலே சத்தம் மட்டும், டேஷ்போர்டுல ஏபிஎஸ், ஸ்டீயரிங், டயர் பிரஷர், கியர்பாக்ஸ்னு இருக்குற லைட் எல்லாம் எரியுது, கடிகாரம் பன்னெண்டு மணிக்கு போயிருச்சு.

வண்டி ஒரு ஜெர்மன் கம்பெனி ஹேட்ச்பேக், 2 லிட்டர் டர்போ பெட்ரோல், 6 ஸ்பீட் டூயல் கிளட்ச், செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. கம்பெனி பேர் வேண்டாம், ஏன்னா இதுல நடந்தது எந்த வண்டிலயும் நடக்கும். இந்த மாதிரி வண்டிய ஆசப்பட்டு வாங்குறவங்க இன்ஜின், டர்போ, டயர்னு பாப்போம், இந்த பக்கம் கரண்ட்ட யாரும் பாக்குறதில்ல. ஆனா இதுல கம்ப்யூட்டர் யூனிட் மட்டும் இருபது முப்பது இருக்கும், எல்லாத்துக்கும் சோறு அந்த ஒரே 12 வோல்ட் பேட்டரி தான், வோல்டேஜ் குறஞ்சா ஒவ்வொரு யூனிட்டும் ஒவ்வொரு விதமா பொய் சொல்ல ஆரம்பிச்சிரும்.

அப்பா வந்து பாத்துட்டு, "பள்ளத்துல விட்டு கிளட்ச் விடுடா, எடுத்துக்கும்"னாரு. மலைல இருக்குறவங்க பாதி பேரு வண்டிய எறக்கம் பாத்து தான் நிறுத்துவாங்க, அவரு காலத்துல ஜீப்ப அப்படித்தான் தினமும் ஸ்டார்ட் பண்ணாங்க. டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக்ல அது நடக்காது. கிளட்ச்ச புடிக்குறதே இன்ஜின் ஓடும்போது வர்ற ஆயில் பிரஷரும் கம்ப்யூட்டரும் தான். அது மட்டும் இல்ல, இன்ஜின் ஆஃப்ல எறக்கத்துல உருட்டினா பிரேக் பூஸ்டர்ல மிச்சம் இருக்குற வேக்குவம் ரெண்டு மூணு மிதில தீந்துரும், ஸ்டீயரிங் கல்லு மாதிரி ஆயிரும். எங்க ரோட்டுல அது விளையாட்டு இல்ல, தயவுசெஞ்சு யாரும் முயற்சி பண்ணாதீங்க.

பக்கத்து வீட்டு அண்ணன் மேட்டுப்பாளையம் மண்டில கேரட் எறக்கிட்டு அப்ப தான் பிக்கப்போட மேல வந்திருந்தாரு. "வாங்க தம்பி, கேபிள் இருக்கு"ன்னு நிறுத்தினாரு. அதுல ஒரு விஷயம் இங்கயே சொல்லிடறேன். பிக்கப் 12 வோல்ட், பிரச்சனை இல்ல. ஆனா ரோட்டுல நிக்கும்போது லாரி, பஸ்காரங்க உதவி பண்றேன்னு வந்தா அன்பா வேண்டாம்னு சொல்லிருங்க, அது 24 வோல்ட், ஒரு நொடில எத்தன யூனிட் போகும்னு சொல்ல முடியாது. சிவப்ப மொதல்ல நம்ம பேட்டரி பிளஸ்ல, அப்புறம் அவங்க பிளஸ்ல, கருப்ப அவங்க மைனஸ்ல, கடைசி முனைய நம்ம பேட்டரி மைனஸ்ல வைக்காம இன்ஜின்ல ஏதாவது பெயிண்ட் இல்லாத இரும்புல வைக்கணும். கடைசியா வைக்கும்போது தீப்பொறி வரும், பேட்டரி பக்கத்துல ஹைட்ரஜன் கேஸ் இருக்கலாம், அதுக்கு தான். அஞ்சு நிமிஷம் அவரு வண்டிய ஓட விட்டுட்டு பட்டன அமுத்தினேன், எடுத்துருச்சு. அப்பாவ கூட்டிட்டு போயிட்டு வந்துட்டோம்.

கோயம்புத்தூர்லயே அன்னைக்கு ஒரு ஒர்க்‌ஷாப்ல காட்டினேன். ஸ்கேனர் போட்டாங்க, இருபத்தி ரெண்டு எர்ரர் கோட். அதுல கியர்பாக்ஸ் யூனிட் கம்யூனிகேஷன் இல்லன்னு ஒன்னு, அத பாத்துட்டு யூனிட் மாத்தணும்னு லட்சத்த தாண்டுற ஒரு எஸ்டிமேட் கையில குடுத்தாங்க. கூட பேட்டரியும் வீக், மாத்திருங்கன்னாங்க. மனசு ஒரு மாதிரி ஆயிருச்சு. கியர்பாக்ஸ அப்புறம் பாத்துக்கலாம்னு பேட்டரிய மட்டும் மாத்திட்டு கிளம்பினேன், மேல ஏறி வரும்போது கியர்பாக்ஸ்ல ஒரு குறையும் இல்ல, பர்லியார் வளைவெல்லாம் வெண்ணெய் மாதிரி ஏறுச்சு.

இதுல இருந்து நான் கத்துக்கிட்ட மொத பாடம் கோட் எண்ணிக்கைய பாத்து பயப்படக் கூடாது. யு எழுத்துல ஆரம்பிக்கிற கோடெல்லாம் ஒரு யூனிட் இன்னொரு யூனிட்டோட பேச முடியலன்னு தான் சொல்லுது, அந்த யூனிட் செத்துப்போச்சுன்னு சொல்லல. பி0562னு ஒன்னு இருந்தா அது சிஸ்டம் வோல்டேஜ் கம்மின்னு அர்த்தம், என் லிஸ்ட்ல அதுவும் இருந்துச்சு, அத யாரும் கண்டுக்கல. பேட்டரிய ஃபுல்லா சார்ஜ் ஏத்திட்டு, எல்லா கோடையும் அழிச்சிட்டு, ரெண்டு மூணு நாள் ஓட்டிட்டு மறுபடி ஸ்கேன் பண்ணுங்க. திரும்ப வர்றது எதுவோ அது தான் உண்மையான கோட். எனக்கு கியர்பாக்ஸ் கோட் அப்ப வரவே இல்ல.

ஜனவரி முழுக்க நல்லா ஓடுச்சு. வாரத்துக்கு ரெண்டு தடவ அப்பாவ கூட்டிட்டு கீழ போயிட்டு வந்தேன், ஒவ்வொரு தடவையும் போக வர ஆறு மணி நேர ஓட்டம். பிப்ரவரில அந்த ஓட்டம் நின்னுச்சு, நான் வீட்ல இருந்தே வேலை பாக்குறவன், ஞாயித்துக்கிழமை நிறுத்தினா வெள்ளிக்கிழமை தான் வண்டிய எடுப்பேன். ரெண்டாவது வெள்ளிக்கிழமை மறுபடி அதே முனகல், அதே டக் டக். அஞ்சு வாரம் ஆன பேட்டரி. அப்ப தான் புரிஞ்சுது பேட்டரி சாகல, யாரோ அத கொல்றாங்க.

குன்னூர்ல ஒரு ஆட்டோ எலெக்ட்ரீசியன் அண்ணன் இருக்காரு, அம்பாசிடர் டைனமோ காலத்துல இருந்து இந்த வேலை பாக்குறவரு. போன் பண்ணி சொன்னேன். "தம்பி, இனி ஒரு பொருள் வாங்காதீங்க. ஒரு மல்டிமீட்டர் மட்டும் வாங்கிட்டு வந்து எனக்கு நம்பர் சொல்லுங்க"ன்னாரு. அந்த ஒரு வார்த்தை தான் என்ன காப்பாத்துச்சு. அவரு போன்ல சொல்ல சொல்ல, ரெண்டு சனிக்கிழமை ஷெட்ல உக்காந்து ஒவ்வொன்னா அளந்தேன், அத அப்படியே சொல்றேன்.

மொதல்ல சும்மா நிக்கிற வோல்டேஜ். இங்க தான் ஜனவரில ஏமாந்திருந்தேன். கீழ போயிட்டு வந்த உடனே மீட்டர் வச்சு பாத்திருந்தேன், 12.9 காட்டுச்சு, ஆஹா பேட்டரி சூப்பர்னு நெனச்சிட்டேன். அது மேலோட்டமான சார்ஜ், சோத்துப் பானைல மேல மட்டும் பொங்கி நிக்கிற மாதிரி. வண்டிய நிறுத்தி ஒரு ராத்திரி விட்டு காலைல கதவ தொறக்காம அளந்தா தான் நிஜம். அவசரம்னா ஹெட்லைட்ட ரெண்டு நிமிஷம் போட்டு அணைச்சிட்டு கொஞ்ச நேரம் கழிச்சு அளக்கலாம். 12.6க்கு மேல இருந்தா ஃபுல், 12.4 முக்கால்வாசி, 12.2 பாதி, 12.0 கால்வாசி, அதுக்கு கீழ போனா காலி. ஏஜிஎம் பேட்டரின்னா (ஆசிட்ட கண்ணாடி நார்ல ஊற வச்ச வகை) ஃபுல்லுக்கு 12.8 பக்கம் வரும். என்னோடது அந்த வெள்ளிக்கிழமை 11.9. சார்ஜர்ல ராத்திரி முழுக்க போட்டு, சனிக்கிழமை ராத்திரி பூரா சும்மா விட்டு, ஞாயித்துக்கிழமை காலைல பாத்தா 12.6. அப்ப சார்ஜ வாங்குது, வச்சுக்குது. பேட்டரி மேல மட்டும் பழி போட முடியாது.

ஆனா நிக்கிற வோல்டேஜ் பாதி கதை தான். ஸ்டார்ட் பண்ணும்போது எவ்ளோ இறங்குதுன்னு பாக்கணும். மீட்டர பேட்டரி கம்பத்து (பிளஸ், மைனஸ் முனை) மேலயே, கேபிள் கிளாம்ப் மேல இல்ல, கம்பத்து மேலயே வச்சுக்கிட்டு ஒருத்தர செல்ஃப் அடிக்க சொன்னா 9.6க்கு கீழ போகக் கூடாது. மீட்டர்ல குறைஞ்சதையும் கூடினதையும் புடிச்சு வைக்கிற Min/Max வசதி இருந்தா நல்லது, அந்த பள்ளம் ஒரு நொடிக்கும் கம்மியா தான் இருக்கும். அந்த 9.6ங்குறது 21 டிகிரி கணக்கு, நம்ம ஊர் காலைல கொஞ்சம் கீழ போனா உடனே பதறாதீங்க. குளிர்ல உள்ள நடக்குற ரசாயனம் மந்தமாயிரும், பூஜ்யம் டிகிரில மூணுல ஒரு பங்கு பலம் போயிரும்னு வச்சுக்கலாம், அதே நேரம் இன்ஜின் ஆயில் கெட்டியாகி செல்ஃப் அதிகமா கரண்ட் கேக்கும். ரெண்டு பக்கமும் அடி. ஆனா பேட்டரிய உண்மையா வயசாக்குறது வெயில் தான், கோயம்புத்தூர் மார்ச் ஏப்ரல் வெயில்ல வண்டி நின்னு நின்னு தகடு கெட்டுப்போயிருக்கும், அந்த கேடு தெரிய வர்றது மலை மேல முதல் உறைபனிக்கு. கீழ இருந்து ஊட்டிக்கு டூர் வர்றவங்க வண்டி காலைல லாட்ஜ் வாசல்ல செல்ஃப் எடுக்காம நிக்கிறத ஒவ்வொரு சீசனும் பாக்குறோம், அதுக்கு இது தான் காரணம்.

எனக்கு பேட்டரி கம்பத்துல 10.1 இருந்துச்சு, பரவால்ல. ஆனாலும் செல்ஃப் சோம்பலா தான் சுத்துது. அண்ணன்கிட்ட சொன்னேன். "எர்த்த பாருங்க தம்பி, கரண்ட் பேட்டரி மைனஸுக்கு திரும்புற வழிய. மீட்டரோட ஒரு முனை பேட்டரி மைனஸ் கம்பத்துல, இன்னொன்ன இன்ஜின் பிளாக்ல வச்சுட்டு செல்ஃப் அடிங்க." 1.1 வோல்ட்! அந்த இடத்துல 0.2, மிஞ்சி போனா 0.3க்கு மேல வரக் கூடாது. அடுத்து மைனஸ்ல இருந்து பாடிக்கு அளந்தேன், 0.05. அப்ப பேட்டரில இருந்து பாடி வரைக்கும் சுத்தம், பாடிக்கும் இன்ஜினுக்கும் நடுவுல தான் அடைப்பு. அங்க இருக்குறது கம்பிய பின்னி செஞ்ச ஒரு எர்த் ஸ்ட்ராப், கியர்பாக்ஸ் மேல ஒரு போல்ட்டுல முடியுது. வெளிய இருந்து பாத்தா ஒரு குறையும் தெரியாது. ஏர் ஃபில்டர் பாக்ஸ கழட்டி, பேட்டரி மைனஸ எடுத்துட்டு, அந்த போல்ட்ட கழட்டினேன். வாஷருக்கு கீழ லக் (ஸ்ட்ராப் முனைல இருக்குற ஓட்டை போட்ட தகடு) வந்து உக்காருற வட்டத்துல, ஒரு ரூபா காசு அளவுக்கு, துரு பொரிஞ்சு நிக்குது, லக்கோட அடிப்பக்கம் பச்சையா களிம்பு, பழைய கோயில் செம்புக் குடத்துல புடிச்சிருக்குமே அதே களிம்பு. நகத்தால சுரண்டினா பொடியா வருது. எமரி பேப்பர் போட்டு ரெண்டு பக்கமும் வெள்ளை உலோகம் பளிச்சுனு தெரியுற வரைக்கும் தேச்சேன், முறுக்கி டைட் பண்ணிட்டு மேல வாஸ்லின் தடவினேன். முன்னாடி தடவக் கூடாது, டைட் பண்ணின அப்புறம் தான். மறுபடி செல்ஃப் அடிச்சு அளந்தா 0.08. செல்ஃப் சத்தமே மாறிருச்சு, வாங்கின புதுசுல கேட்ட அந்த ஒரே உறுமல். வருஷத்துல பாதி நாள் மூடுபனி ஈரத்துல நிக்கிற வண்டிக்கு இது வராம இருந்தா தான் ஆச்சரியம், இந்த ஒரு டெஸ்ட்ட மலைல வண்டி வச்சிருக்குற ஒவ்வொருத்தரும் வருஷத்துக்கு ஒரு தடவ பண்ணணும்னு நான் கையெடுத்து கேட்டுக்குறேன், காசு செலவே இல்ல.

இன்ஜின் ஓட ஓட பேட்டரிய சார்ஜ் பண்றது ஆல்டர்நேட்டர், அத சீக்கிரம் சொல்லிட்டு போறேன். ஓடும்போது 13.8ல இருந்து 14.7 வரைக்கும் இருக்கணும். ஐடிலிங்ல 12.6 காட்டினப்போ ஆல்டர்நேட்டர் போயிருச்சுன்னே நெனச்சேன், ஆர்டர் பண்ற வரைக்கும் போயிட்டேன். அண்ணன் தான் ஹெட்லைட்டும் பின் கண்ணாடில பனிய போக்குற டிஃபாகரும் போட சொன்னாரு, போட்ட உடனே 14.3க்கு ஏறுச்சு. இப்ப வர்ற வண்டிகள்ல பெட்ரோல் மிச்சம் பண்ண சார்ஜிங்க கம்ப்யூட்டரே கூட்டி குறைக்குது, ஆக்சிலரேட்டர்ல இருந்து கால எடுத்து எறக்கத்துல வரும்போது கூடும், ஏத்தத்துல குறையும். அதனால லோடு குடுக்காம அளந்து முடிவு பண்ணக் கூடாது. மீட்டர ஏசி வோல்ட்ல மாத்தி பேட்டரி மேல வச்சு பாத்தேன், அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா உள்ள டயோடு போயிருக்கும்னு அர்த்தம், எனக்கு ரொம்ப கம்மியா தான் இருந்துச்சு. ஆல்டர்நேட்டர் தப்பிச்சுது.

அப்ப அஞ்சு நாள்ல 12.6ல இருந்து 11.9க்கு யாரு குடிச்சது? வண்டிய பூட்டிட்டு போனதும் எல்லா யூனிட்டும் ஒன்னு ஒன்னா தூங்கப் போகணும், அரை மணி நேரம், சில வண்டில அதுக்கும் மேல ஆகும், அதுக்கப்புறம் மொத்தமா 50 மில்லி ஆம்பியருக்கு கீழ தான் இழுக்கணும். இத அளக்க வண்டிய ஏமாத்தணும். பானெட்ட தொறந்து வச்சாலும் அது மூடியிருக்குறதா நெனைக்கணும், அதுக்கு லாட்ச்ச ஸ்க்ரூடிரைவரால கிளிக்னு மூடிவிட்டேன், டிரைவர் கதவு லாட்ச்சையும் அதே மாதிரி, ஏன்னா ஃபியூஸ் பாக்ஸ் டேஷ்போர்டு ஓரத்துல கதவ தொறந்தா தான் தெரியும். சாவிய வீட்டுக்குள்ள கொண்டு போய் வச்சிட்டேன், கீலெஸ் வண்டிக்கு சாவி பக்கத்துல இருந்தா தூக்கமே வராது. (அப்புறம் தொறந்து பானெட்ட மூடுறதுக்கு முன்னாடி மறக்காம லாட்ச்ச விடுவிச்சிருங்க, இல்லன்னா பானெட்டும் லாட்ச்சும் மோதிக்கும்.)

கரண்ட் அளக்குறதுக்கு மல்டிமீட்டர மைனஸ் கேபிளுக்கு நடுவுல 10 ஆம்பியர் ஓட்டைல சொருகி போடலாம், ஆனா அந்த நேரத்துல யாராவது கதவ தொறந்தாலோ செல்ஃப் அடிச்சாலோ மீட்டர் ஃபியூஸ் போயிரும், கேபிள கழட்டி மாட்டுறதுலயே எல்லா யூனிட்டும் முழிச்சுக்கும். அதனால நான் கேபிள கழட்டாம மேல கவ்வ வச்சே டிசி அளக்குற கிளாம்ப் மீட்டர் ஒன்னு கடன் வாங்கிட்டு வந்தேன். வீட்டு வயரிங் பாக்குறவங்க வச்சிருக்குற டாங் டெஸ்டர் பெரும்பாலும் ஏசி மட்டும் தான், அது இதுக்கு ஆகாது, வாங்கும்போது கேட்டு வாங்குங்க.

ஒரு மணி நேரம் கழிச்சு பாத்தேன். 0.42 ஆம்பியர். தூங்கவே இல்ல. ஒரு நாளைக்கு 24 மணி நேரம், 0.42ஆல பெருக்கினா 10 ஆம்பியர் ஹவர். என் பேட்டரி 70. ஞாயிறு ராத்திரில இருந்து வெள்ளி காலை வரைக்கும் கணக்கு போட்டா நாப்பத்தஞ்சு போல போயிருக்கும். ஜனவரில ஏன் தப்பிச்சுதுன்னும் இப்ப தெரிஞ்சுது, மூணு நாளைக்கு ஒரு தடவ நீளமா ஓட்டி திரும்ப ரொப்பிட்டு இருந்தேன். பழைய பேட்டரியும் இதே மாதிரி தான் மாசக்கணக்கா பட்டினி கிடந்து செத்திருக்கு, பாதி சார்ஜ்ல விட்டு விட்டு வச்சா உள்ள சல்ஃபேட் படிஞ்சு கெட்டியாயிரும், அப்புறம் எவ்ளோ சார்ஜ் போட்டாலும் பழைய பலம் வராது.

எந்த லைன்னு கண்டுபுடிக்க ஃபியூஸ ஒன்னு ஒன்னா புடுங்குவாங்க, அது தப்பான வழி, புடுங்கி மாட்டினா தூங்கின யூனிட்டு முழிச்சுக்கும். ஃபியூஸ் மண்டைல ரெண்டு சின்ன புள்ளியா உலோகம் தெரியும், மீட்டர மில்லி வோல்ட்ல போட்டு அந்த ரெண்டு புள்ளிய தொட்டா போதும். கரண்ட் ஓடாத ஃபியூஸ் 0.0 காட்டும், ஓடுறது ஏதாவது ஒரு எண் காட்டும். குனிஞ்சு, கழுத்து வலிக்க, டார்ச்ச வாயில கவ்விக்கிட்டு நாப்பது ஃபியூஸ் தொட்டிருப்பேன். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். ஒரே ஒரு 10 ஆம்பியர் ஃபியூஸ், 2.8. அத மட்டும் புடுங்கினேன். கொஞ்ச நேரத்துல கிளாம்ப் மீட்டர் 0.42ல இருந்து மெல்ல இறங்கி 0.03ல நின்னுச்சு. அந்த ஷெட்ல தனியா உக்காந்து கண்ணு கலங்கிருச்சு எனக்கு, நெசமா.

அந்த ஃபியூஸ் கதவு லாக், உள் லைட்டெல்லாம் பாக்குற யூனிட்டுக்கு போறது. அதோட வயர் கட்டு இடது பக்க முன் சீட்டு கால் வைக்கிற இடத்துல கார்பெட்டுக்கு அடில போகுது. கார்பெட் மேல கை வச்சா காஞ்சு தான் இருக்கு. ஓரத்துல தூக்கி அடில இருக்குற ஸ்பாஞ்ச அமுத்தினேன், கிணத்துல இருந்து எடுத்த துணி மாதிரி தண்ணி பிதுங்குது. அப்ப தான் பல நாள் கண்ணு முன்னாடி இருந்த ஒவ்வொன்னும் ஞாபகம் வருது. காலைல கண்ணாடி உள்பக்கமா வேர்த்து நிக்கும், ஒரு நாள் உள்பக்கமே பனி படிஞ்சு இருந்துச்சு. ஏசி போட்டா ஈரச் சாக்கு நாத்தம். ராத்திரி ஷெட் பக்கம் போனா வண்டிக்குள்ள எங்கயோ ஒரு ரிலே கிளிக்னு அடிக்கும், குளிருக்கு உலோகம் சுருங்குற சத்தம்னு நெனச்சுக்குவேன்.

தண்ணி வந்த வழி முன் கண்ணாடிக்கு கீழ, வைப்பர் இருக்குற பிளாஸ்டிக் மூடிக்கு அடில. அங்க மழைத்தண்ணி இறங்குற வடிகால் ஓட்டை ரெண்டு உண்டு. எங்க ஷெட்டுக்கு மேல கற்பூர மரம் (யூகலிப்டஸ்) ரெண்டு நிக்குது, அதோட இலை கத்தி மாதிரி நீளமா இருக்கும், மூடி இடுக்குல நழுவி உள்ள போயிரும். ஜூன்ல இருந்து டிசம்பர் வரைக்கும் ரெண்டு பருவ மழையும் நமக்கு உண்டு, அந்த இலையெல்லாம் மக்கி கருப்பு சேறா அடைச்சு, தண்ணி ரொம்பி ஏசி காத்து போற வழில உள்ள வழிஞ்சிருக்கு. மூடிய கழட்டி கையால அள்ளினேன், ரெண்டு கை நெறைய, மேல ஒரு மண்புழு கூட இருந்துச்சு. சன்ரூஃப் இருக்குற வண்டிக்கு நாலு மூலைல இதே மாதிரி குழாய் இருக்கும், தேயிலை தோட்டத்து பக்கம் சில்வர் ஓக் இலை இதே வேலைய பண்ணும்.

கனெக்டர பிரிச்சு பாத்தப்போ ரெண்டு பின் நடுவுல பச்சை களிம்பு பாலம் கட்டி இருக்கு, ஒரு பின் பாதி அரிச்சே போச்சு. அந்த பாலம் வழியா ஓயாம ஒரு சிக்னல் போய் யூனிட்ட "எழுந்திரு எழுந்திரு"ன்னு தட்டிக்கிட்டே இருந்திருக்கு. எலெக்ட்ரீசியன் அண்ணன் அன்னைக்கு நேர்ல வந்தாரு. கான்டாக்ட் கிளீனர் போட்டு பிரஷ்ஷால தேச்சாரு, அரிச்ச பின்னுக்கு புதுசு போட்டு, வயர சால்டர் வச்சு ஹீட் ஸ்லீவ் போட்டாரு. எங்க வீட்டு டீய குடிச்சிட்டே, "யூனிட்டுக்கு ஒன்னும் ஆகல தம்பி, நீங்க இன்னொரு மழை விட்டிருந்தா அது போயிருக்கும்"னாரு. கார்பெட்ட கழட்டி ஸ்பாஞ்ச தனியா எடுத்து மொட்டை மாடில நாலு நாள் காய வச்சோம், பிப்ரவரி வெயில் இருந்ததால ஆச்சு. கார்பெட்ட எடுக்காம மேல ஹேர் டிரையர் அடிச்சா காயவே காயாது, அந்த ஸ்பாஞ்ச் மாசக்கணக்கா தண்ணிய புடிச்சு வச்சிருக்கும்.

பேட்டரி விஷயம் ஒன்னு பாக்கி. ஒர்க்‌ஷாப்ல போட்ட பேட்டரி சாதா தண்ணி பேட்டரி, என் வண்டிக்கு கம்பெனில வந்தது ஏஜிஎம், ஸ்டார்ட் ஸ்டாப் (சிக்னல்ல நின்னா இன்ஜின் தானா அணைஞ்சு திரும்ப எடுக்குறது) இருக்குற வண்டி. ரெண்டு தடவ அடி வரைக்கும் காலியானதுல அது கெட்டுப்போச்சு, மேல 680 சிசிஏன்னு (குளிர்ல ஸ்டார்ட் பண்ண குடுக்குற கரண்ட்) போட்டிருக்கு, டெஸ்டர் 390 காட்டுச்சு. வேற வழி இல்லாம ஏஜிஎம் வாங்கினேன். இந்த மாதிரி வண்டில புது பேட்டரி போட்டா ஸ்கேனர்ல அத பதிவு பண்ணணும், இல்லன்னா கம்ப்யூட்டர் பழைய கிழட்டு பேட்டரின்னே நெனச்சு அதுக்கேத்த மாதிரி சார்ஜ் பண்ணும். போட்டதும் கேட்டு பதிவு பண்ண வச்சிருங்க. வெளிய சார்ஜர் போடும்போது மைனஸ் கிளிப்ப பேட்டரி கம்பத்துல மாட்டாதீங்க, அங்க ஒரு சின்ன சென்சார் கிளாம்ப்போட ஒட்டி இருக்கும், பாடில இருக்குற எர்த் போல்ட்டுல மாட்டினா தான் எவ்ளோ சார்ஜ் உள்ள போச்சுன்னு அது கணக்கு வச்சுக்கும். ஸ்டார்ட் ஸ்டாப் காரணமே இல்லாம வாரக்கணக்கா வேலை செய்யாம இருந்தா அது தான் பேட்டரி வீக்குன்னு வண்டி சொல்ற மொத வார்த்தை. எனக்கு அக்டோபர்லயே நின்னுருச்சு, தொல்லை விட்டுதுன்னு நெனச்சேன்.

இப்ப வாரம் அஞ்சு நாள் நிக்குது, வெள்ளிக்கிழமை காலைல 12.7 இருக்கு. கியர்பாக்ஸ் கோட் ஒன்னு கூட திரும்ப வரல, அந்த எஸ்டிமேட் பேப்பர இன்னும் டேஷ்போர்டுல வச்சிருக்கேன். கற்பூர மரத்து கிளைய வெட்ட அனுமதி கேக்கணும், அது வரைக்கும் ஞாயித்துக்கிழமை தோறும் வைப்பர் மூடிய தூக்கி இலைய பொறுக்கிட்டு, ஒரு சொம்பு தண்ணி ஊத்தி கீழ டயர் பக்கம் வழியுதான்னு பாக்குறேன். ஜூன் மழை ரெண்டு வாரம் பெஞ்ச அப்புறம் கார்பெட்ட மறுபடி தூக்கி பாக்கணும்.